நானோ விஎன்ஏ தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்து ஸ்வீப்பையும் கேலிபரேஷனையும் சரிசெய்யும் வழி

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தோப்புக்காரர்கள் பலர் இப்போது கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்துகிறார்கள். மூணு பேஸ் கரண்டு எந்நேரம் வருமோ என்று ராத்திரியில் டார்ச்சோடு தோப்புக்குள் நடக்கிற வேலை இல்லை. செல்போன் சிக்னல் எட்டாத இடத்தில் லோரா என்கிற, குறைந்த திறனில் தொலைதூரம் எட்டும் ரேடியோ வைத்த ஸ்டார்ட்டர் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டையில், குறைந்த திறனில், நம் நாட்டில் தனி உரிமம் இல்லாமலே இதை இயக்கலாம்.

பெட்டி பேசவில்லை என்றால் எல்லோருடைய கண்ணும் முதலில் ஆண்டெனா மேல்தான் போகிறது. அனுப்பிய சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் நானோ விஎன்ஏ என்ற கைக்கருவியை எடுத்துக்கொண்டு கம்பம் ஏறி, திரையில் கோடு சரியில்லை என்றதும் கட்டிங் பிளேயரால் ஆண்டெனா கம்பியை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய கம்பி திரும்ப வளராது. பழுது பார்க்கப் பழகும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த வரிசையைத்தான்: முதலில் ஸ்வீப் (கருவி அளந்து போகும் அலைவரிசை எல்லை), அடுத்து கேலிபரேஷன் (அளவு தெரிந்த துண்டுகளை மாட்டிக் கருவியைச் சரிப்படுத்துவது), அப்புறம் கேபிளும் கனெக்டரும், கடைசியில்தான் ஆண்டெனா. கீழே ஒவ்வொரு அறிகுறியையும் இந்த வரிசை மாறாமல் பார்க்கலாம். 101 புள்ளிகள் கொண்ட, 900 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் பழைய மாடலை மனதில் வைத்து எழுதுகிறேன். இந்தப் பக்கம் கடைகளிலும் கல்லூரி லேப்களிலும் அதிகம் கைமாறுவது அதுதான். புது மாடல்களில் புள்ளிகள் கூடும், மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான்.

அறிகுறி: ஆண்டெனா மாட்டியும் பள்ளமே தெரியவில்லை

எஸ்11 கோடு திரும்பி வரும் சிக்னலைக் காட்டுவது; ஆண்டெனா சிக்னலை வாங்கிக்கொள்ளும் அலைவரிசையில் அது பள்ளமாக இறங்க வேண்டும். ஆனால் அது மேலேயே தட்டையாக ஓடுகிறது, அல்லது ஒரே ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் இறங்கி ஏறுகிறது. புது ஆண்டெனாவாக இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஸ்வீப் அகலமாக இருந்தால்.

கருவியை ஆன் செய்ததும் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் இருக்கும். அதை 101 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் 9 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு புள்ளி 864இல் விழுகிறது, அடுத்தது 873இல். நமக்கு வேண்டிய 865-867 பட்டை முழுவதும் அந்த இடைவெளிக்குள் உட்கார்ந்துவிட்டது. கருவி அங்கே அளக்கவே இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். குறுகிய பட்டை கொண்ட ஆண்டெனாவின் பள்ளம் அந்த நேர்க்கோட்டுக்கு அடியில் காணாமல் போய்விடும்.

ஸ்டிமுலஸ் மெனுவில் ஸ்டார்ட் 800, ஸ்டாப் 900 என்று வையுங்கள். இப்போது ஒரு புள்ளிக்கு சரியாக 1 மெகாஹெர்ட்ஸ். பள்ளம் எங்கே இருந்தாலும் தெரியும், ஆண்டெனா 840க்கோ 890க்கோ வெட்டப்பட்டிருந்தாலும் அகப்படும். எடுத்த எடுப்பிலேயே 865-867 என்று நெருக்கிவிடாதீர்கள். பள்ளம் வெளியே இருந்தால் சரிவு மட்டும்தான் தெரியும், எந்தப் பக்கம் போவது என்று புரியாது. 144-146 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் அமெச்சூர் நண்பர்கள் 140 முதல் 150 வரை வைத்தால் போதும். படிகத்தால் ஆன ஃபில்டரை அளப்பவர்களுக்கு ஸ்பான் (ஸ்வீப்பின் அகலம்) கிலோஹெர்ட்ஸ் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

ஸ்பானைச் சுருக்கியும் கோடு தட்டையா? அப்படியானால் ஆண்டெனாவின் கனெக்டரைக் கண்ணால் பாருங்கள். இது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற விஷயம். வைஃபை ரவுட்டர்களோடு வரும் ஆண்டெனாக்களில், எஸ்எம்ஏ என்ற சின்ன மரைக் கனெக்டரின் தலைகீழ் வகையான ரிவர்ஸ் எஸ்எம்ஏ இருக்கும். மரை பொருந்தும், கையால் திருகினால் இறுக்கமாகவும் உட்காரும். ஆனால் நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருக்கும். எதிரிலும் ஓட்டை. இரண்டு ஓட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் சிக்னல் எங்கே போகும்? லோரா ஆண்டெனா என்று சொல்லி விற்பதிலும் இது கலந்து வருகிறது. வாங்கும்போதே நடு ஊசியைப் பார்த்து வாங்குங்கள்.

அறிகுறி: ஸ்வீப்பை மாற்றியதும் கோடு கோணலாகிறது

அகலமான ஸ்வீப்பில் கேலிபரேஷன் செய்துவிட்டு, அப்புறம் 800-900 என்று சுருக்குகிறீர்கள். கோடு அலை அலையாக ஆடுகிறது. கேலிபரேஷனுக்கான 50 ஓம் துண்டான லோடை மாட்டினால், ஸ்மித் சார்ட் என்ற வட்டப் படத்தின் நடுப்புள்ளியில் நிற்காமல் விலகி நிற்கிறது.

திரையின் இடது ஓரத்தைப் பாருங்கள். அங்கே பெரிய எழுத்தில் சி, அதன் பக்கத்தில் ஒரு எண், கீழே டி, ஆர், எஸ் என்று வரிசையாக எழுத்துகள் இருக்கும். அந்த சி சிறிய எழுத்தாக மாறியிருந்தால், கருவி இந்த ஸ்வீப்புக்கு நேராகச் செய்த கேலிபரேஷனைப் பயன்படுத்தவில்லை, பழைய புள்ளிகளை வைத்து நடுவில் உள்ளதை ஊகித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எடுத்ததை வைத்து ஊகித்தால் 866இல் எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பழைய ஸ்வீப்புக்கு வெளியே போய்விட்டால் அந்தக் கோட்டைப் பார்க்கவே வேண்டாம்.

தீர்வு எளிது. ஸ்வீப்பை முதலில் முடிவு செய்யுங்கள், அதன் பிறகுதான் கேலிபரேஷன். அடிக்கடி பயன்படுத்தும் ஸ்வீப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேலிபரேஷன் செய்து தனித்தனி இடத்தில் சேமித்துவிட்டால் ரீகால் அழுத்தினால் போதும். ஸ்வீப்பும் அதோடு சேர்ந்து வரும். எந்த எண்ணில் எந்த ஸ்வீப் என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவையுங்கள்.

அறிகுறி: எஸ்டபிள்யூஆர் 1க்குக் கீழே, அல்லது ஸ்மித் வட்டத்துக்கு வெளியே புள்ளி

எஸ்டபிள்யூஆர் என்பதும் திரும்பி வருவதைச் சொல்லும் எண்தான்; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை, கூடக்கூட அதிகம் திரும்புகிறது. வெறும் ஆண்டெனாவோ கேபிளோ, அனுப்பியதைவிட அதிகமாகத் திருப்பி அனுப்ப வழியே இல்லை. எஸ்11 பூஜ்ஜியம் டெசிபலைத் தாண்டி மேலே போனாலோ ஸ்மித் சார்ட்டின் விளிம்புக்கு வெளியே கோடு போனாலோ, கேலிபரேஷன் கெட்டிருக்கிறது. வேறு காரணத்தைத் தேட வேண்டாம்.

பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். பழைய கேலிபரேஷனை அழிக்காமல் அதன் மேலேயே புதியதைச் செய்திருப்பார்கள். பழைய ஃபர்ம்வேர்களில் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) இது நிச்சயம் குழப்பும், ஆகவே ரீசெட் அழுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அல்லது கேலிபரேஷன் துண்டுகளில் ஓபன் (முனை திறந்தது) மாட்ட வேண்டிய நேரத்தில் ஷார்ட்டை (முனை இணைத்தது) மாட்டியிருப்பார்கள். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பார்த்தால்தான் தெரியும்: ஷார்ட்டில் நடு ஊசியைச் சுற்றி உலோகத் தட்டு அடைத்திருக்கும், ஓபனில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அல்லது பொத்தானை அழுத்தியதும், கருவி அந்தச் சுற்றை அளந்து முடிப்பதற்குள் கழற்றியிருப்பார்கள்.

செய்ய வேண்டியது: கேல், ரீசெட், பிறகு கேலிபரேட். ஓபன் மாட்டி, நிதானித்து, அழுத்தி, பொத்தான் மாறும் வரை காத்திருந்து அடுத்தது. ஷார்ட், லோட் இரண்டும் அப்படியே. இரண்டாவது போர்ட்டைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஐசோலேஷனும் (போர்ட்டுகளுக்கு நடுவே இணைப்பில்லாமல்) த்ரூவும் (இரண்டையும் கேபிளால் இணைத்து) சேர்த்து. கடைசியில் டன், சேவ்.

முடித்ததும் மூன்றையும் திரும்ப மாட்டிப் பாருங்கள். ஷார்ட் ஸ்மித் சார்ட்டின் இடது முனையில், ஓபன் வலது முனையில், லோட் நடுவில் ஒரே புள்ளியாகக் குவிந்து நிற்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே லோடைத் திரும்ப மாட்டி 50 டெசிபல் ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்ற கணக்கு, கூடினால் நல்லது) வருகிறது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த லோடையே 50 ஓம் என்று நீங்கள் கருவிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அது வேறெப்படிக் காட்டும்? லோட் உண்மையில் 55 ஓமாக இருந்தாலும் திரை 50 என்றுதான் சொல்லும். அதன்பின் நீங்கள் அளக்கும் நல்ல 50 ஓம் ஆண்டெனாகூட 26 டெசிபலுக்கு மேல் போகாது. ஆகவே லோடைத் தனியாக ஒரு நல்ல மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 49க்கும் 51க்கும் நடுவில் இருக்க வேண்டும். கேலிபரேஷனில் சேராத ஒரு பொருளையும் வைத்துச் சோதியுங்கள். எஸ்எம்ஏ சாக்கெட்டில் கால்களை ஒட்ட வெட்டிச் சால்டர் செய்த 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். தாழ்ந்த அலைவரிசையில் எஸ்டபிள்யூஆர் 2 என்று காட்டினால் கருவி உண்மை பேசுகிறது. கோவை காந்திபுரத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இதற்கான சாமான் கைச்செலவுக்குள் முடிந்துவிடும்.

அறிகுறி: ஆஃப் செய்து ஆன் செய்தால் எல்லாம் பழையபடி

சேவ் செய்யவில்லை. டன் அழுத்துவதோடு விட்டால் அது தற்காலிக நினைவில்தான் இருக்கும். ஆன் ஆகும்போது கருவி தானாக எடுப்பது பூஜ்ஜியமாவது இடத்தில் சேமித்ததை. தினமும் பயன்படுத்தும் ஸ்வீப்பை அங்கே வையுங்கள்.

அறிகுறி: கருவியில் ஒன்று, லேப்டாப்பில் இன்னொன்று

நானோ விஎன்ஏ சேவர் போன்ற மென்பொருளில் அதற்கென்று தனிக் கேலிபரேஷன் உண்டு. கருவிக்குள் இருப்பது வேறு, இது வேறு. கருவி தன் திருத்தத்தைச் செய்து அனுப்பிய எண்களின் மேல் மென்பொருள் தன் திருத்தத்தையும் சேர்க்கிறது. இடையில் கருவியில் இருப்பதை மாற்றிவிட்டால் மென்பொருளில் சேமித்தது செல்லாது. ஒன்று மாறினால் மற்றதையும் புதிதாகச் செய்யுங்கள்.

அந்த மென்பொருளின் பெரிய வசதி, ஸ்வீப்பைத் துண்டுகளாக்கி அளப்பது. பத்துத் துண்டு என்று கொடுத்தால் 101க்குப் பதில் 1010 புள்ளிகள் கிடைக்கும். முழு அகலத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்வதுதான் சரி.

அறிகுறி: 300 மெகாஹெர்ட்ஸில் கோடு சட்டென்று உடைகிறது

பழுது இல்லை. உள்ளே இருக்கும் சிக்னல் ஜெனரேட்டர் சிப் 300 வரைதான் நேராகக் கொடுக்கும். அதற்கு மேல் அதன் ஹார்மானிக்கை (மடங்கு அலைவரிசையை) எடுத்துக் கருவி அளக்கிறது. சிக்னல் பலம் குறைவதால் அங்கிருந்து கோடு கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்கும். அந்த இடத்தைத் தாண்டாத ஸ்வீப்பாக வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

அறிகுறி: கம்பத்தின் கீழே அளந்தால் அருமையாக இருக்கிறது, ஆனால் மோட்டார் எடுக்கவில்லை

இந்தப் பக்கம் நான் பார்க்கிற ஏமாற்றங்களில் இதுதான் பெரியது. "ஏனுங்க, மீட்டர் நல்லாத்தானே காட்டுது, அப்பறம் ஏன் எட்ட மாட்டேங்குது?" என்று தோப்புக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி.

மோட்டார் ரூமிலிருந்து கம்பத்தின் உச்சிக்கு ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்சியல் கேபிள் 10 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 866 மெகாஹெர்ட்ஸில் அந்த நீளத்துக்கு இழப்பு கிட்டத்தட்ட 5 டெசிபல், மட்டமான கேபிளில் அதற்கும் மேல். கருவி அனுப்பும் சிக்னல் மேலே போகும்போது 5 இழக்கிறது, திரும்பி வரும்போது இன்னொரு 5 இழக்கிறது. உச்சியில் ஆண்டெனாவே இல்லை, கனெக்டர் திறந்து கிடக்கிறது என்றாலும் கீழே இருக்கும் கருவிக்கு 10 டெசிபல் ரிட்டர்ன் லாஸ் தெரியும். அதாவது எஸ்டபிள்யூஆர் 1.9. பார்க்கிறவர் "இரண்டுக்குக் கீழே இருக்கிறது, பரவாயில்லை" என்று இறங்கிவிடுவார். மேலே ஆண்டெனா காற்றில் விழுந்திருக்கும்.

ஆகவே, முடிந்தால் உச்சியில் நேராக ஆண்டெனாவிலேயே அளங்கள். ஏற முடியாதென்றால் கேலிபரேஷனைக் கேபிளின் அந்தப் பக்க முனையில் செய்யுங்கள்: கம்பத்தைச் சாய்த்து, ஓபன், ஷார்ட், லோட் மூன்றையும் ஆண்டெனா மாட்டும் முனையில் மாட்டி எடுத்தால், அளவீடு அங்கிருந்துதான் தொடங்கும், கேபிள் கணக்கிலிருந்து கழன்றுவிடும். கேபிளின் இழப்பை மட்டும் தெரிந்துகொள்ள, மறுமுனையில் ஷார்ட்டை வைத்து வரும் ரிட்டர்ன் லாஸைப் பாதியாக்குங்கள். நல்ல எஸ்டபிள்யூஆரைவிட எனக்கு இந்த எண்தான் முதலில் வேண்டும். 5க்கு மேல் போனால் தடிமனான, இழப்பு குறைந்த கேபிளுக்கு மாறச் சொல்லுங்கள், அல்லது ரேடியோப் பெட்டியையே கம்பத்தின் மேலே ஏற்றச் சொல்லுங்கள். ஆண்டெனாவுக்குச் செலவு செய்வதைவிட இதில் பலன் அதிகம்.

குட்டையான கேபிளாக இருந்தாலும், போர்ட்டில் கேலிபரேஷன் செய்துவிட்டு நடுவில் கேபிளைச் சேர்த்தால் ஸ்மித் சார்ட் சுற்ற ஆரம்பித்துவிடும். 866இல் ஆர்ஜி-58 வகைக் கேபிளின் ஒவ்வொரு 11.4 சென்டிமீட்டருக்கும் ஒரு முழுச் சுற்று. அந்தச் சுருளைப் பார்த்து "ஆண்டெனா இண்டக்டிவ், கெப்பாசிட்டர் சேர்க்கலாம்" என்று முடிவெடுத்தால் வீண். எஸ்டபிள்யூஆர் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை, ஆண்டெனாவை 50 ஓமுக்குப் பொருத்தும் மேட்சிங் செய்பவர்களுக்கு உயிர்நாடி.

அறிகுறி: கேபிளைத் தொட்டால் கோடு நகர்கிறது

இரண்டு காரணம். ஒன்று, கனெக்டர் தளர்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. எஸ்எம்ஏவை மாட்டும்போது வெளி நட்டை மட்டும் திருக வேண்டும். உடம்போடு சேர்த்துத் திருகினால் நடு ஊசி தேயும், சில மாதத்தில் சாக்கெட்டே தளரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது உடுமலை, பல்லடம் பக்கம் கம்பம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் கோடு துள்ளினால் இந்தத் தளர்வை முதலில் சந்தேகியுங்கள்.

இன்னொன்று, கனெக்டர் இறுக்கமாக இருந்தும் கேபிளைக் கையால் பிடித்தாலே பள்ளம் நகர்வது. கால் அலை ஆண்டெனாவுக்குக் கீழே உலோகத் தளம் வேண்டும். 866இல் கம்பி 8.6 சென்டிமீட்டர்தான், ஆனால் தளம் இல்லை என்றால் அது கேபிளின் மேல்தோலைத் தன் மறுபாதியாக எடுத்துக்கொள்ளும். மேஜையில் தனியாகப் பிடித்து அளந்தால் ஒரு எண், ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டி மேல் வைத்து அளந்தால் வேறு எண். எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கே வைத்தே அளங்கள், பெட்டியின் கதவை மூடி.

அறிகுறி: மழை பெய்தால் மட்டும் கெடுகிறது

கனெக்டருக்குள் தண்ணீர். அங்கிருந்து கேபிளின் பின்னல் வழியாகக் கீழே இறங்கும். எந்த இடம் என்று கண்டுபிடிக்க டிரான்ஸ்ஃபார்ம் மெனுவில் லோ பாஸ் இம்பல்ஸ் போட்டுத் தூரமாகப் பார்க்கலாம். வெலாசிட்டி ஃபாக்டர் (கேபிளில் சிக்னல் ஒளி வேகத்தில் எத்தனை பங்கு போகிறது என்ற எண்) ஆர்ஜி-58க்கு 0.66. ஆனால் இங்கேயும் ஸ்வீப்தான் எஜமான். 900 வரை முழு அகலம் வைத்தால், 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், 11 மீட்டர் வரைதான் கருவிக்குக் கண் தெரியும். 14 மீட்டரில் இருக்கும் பழுது சுற்றி வந்து 3 மீட்டரில் இருப்பதுபோல் காட்டும், நல்ல கேபிளைத் தோண்டி எடுக்க வைக்கும். ஸ்டாப்பை 300க்குக் குறைத்தால் 33 மீட்டர் வரை தெரியும். துல்லியம் ஒரு அடி அளவுக்கு மழுங்கும், தேடுவதற்கு அது போதும். குறைத்த பிறகு கேலிபரேஷனைப் புதிதாகச் செய்ய மறக்க வேண்டாம்.

அறிகுறி: ஒரு போர்ட் செத்துவிட்டது

எந்தக் கேலிபரேஷனும் பிடிக்கவில்லை, ஓபனும் ஷார்ட்டும் ஒரே மாதிரி காட்டுகிறது என்றால் போர்ட்டின் உள்ளே ஏதோ போய்விட்டது. காய்ந்த காற்றில் உயரக் கம்பத்து ஆண்டெனாவில் நிலைமின்சாரம் சேரும். கேபிளை மாட்டுவதற்கு முன் நடு ஊசியையும் வெளி உடம்பையும் ஒரு கணம் தொடவைத்து இறக்கிவிட வேண்டும். லோரா ரேடியோவின் வெளியீட்டை நேராக விஎன்ஏவுக்குள் விடவே கூடாது. ஆம்ப்ளிஃபயரை அளப்பதானால் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபல் அட்டெனுவேட்டரை நடுவில் வைத்து, அதையும் சேர்த்தே த்ரூ எடுங்கள்.

அறிகுறி: காலையில் செய்த கேலிபரேஷன் மதியம் நகர்ந்துவிட்டது

சித்திரை வெயிலில் கரூர், தாராபுரம் பக்கம் மொட்டை மாடியில் கருவியை வைத்தால் இது நடக்கும். ஆன் செய்து சில நிமிடம் சூடாக விட்டு, வேலை செய்யப் போகும் இடத்திலேயே, நிழலில் வைத்துக் கேலிபரேஷன் செய்யுங்கள். வீட்டு ஏசி அறையில் செய்துகொண்டு வந்ததை நம்பி மேலே ஏற வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் சரி, எஸ்டபிள்யூஆர் 1.2, ஆனாலும் எட்டவில்லை

லோடையும் மாட்டிப் பாருங்கள், அது 1.0 காட்டும். அதிலிருந்து ஒரு சிக்னலும் வெளியே போகாது. திரும்பி வரவில்லை என்பதை மட்டும்தான் இந்த எண் சொல்கிறது; போனது காற்றில் போனதா, உள்ளேயே சூடாகிப் போனதா என்று அதற்குத் தெரியாது. கருவியைப் பையில் போட்டுவிட்டு, இரு முனை ஆண்டெனாவும் செங்குத்தாக நிற்கின்றனவா, ஒன்று படுத்துக்கிடக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது உயரம். நனைந்த தென்னை மட்டை 866இல் நன்றாகவே சிக்னலை விழுங்கும். தோப்பின் நடுவில் மட்டைகளுக்குள் புதைந்திருக்கும் ஆண்டெனாவைக் கொண்டைக்கு மேலே ஏற்ற வேண்டும், அல்லது தோப்பின் ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஏற்றியதும், புதிய கேபிள் நீளத்துக்கு இழப்பை இன்னொரு முறை அளந்து, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்து வருகிறவர் அதே எண்ணிலிருந்து தொடங்கிக்கொள்வார்.